தாலுகா என்பது எந்த மொழிச் சொல்? வட்டமும் அதுவும் ஒன்றா?

கேள்வி இது: தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தில் ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம் தாலுகா’ என்று இருக்கிறது. அதே நிலத்துக்கு இப்போது வாங்கிய பட்டாவில் ‘மயிலாடுதுறை மாவட்டம், மயிலாடுதுறை வட்டம்’ என்று இருக்கிறது. தாலுகாவும் வட்டமும் ஒன்றுதானா? தாலுகா என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு என்ன பொருள்? அது வருவதற்கு முன் நம் ஊர்களை எப்படிப் பிரித்துச் சொன்னார்கள்?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். ஆமாம், நிர்வாகத்தில் இரண்டும் ஒன்றுதான். தாசில்தாரின், அதாவது வட்டாட்சியரின், ஆளுகைக்குள் வரும் பரப்பு அது. ஜில்லாவுக்கு மாவட்டம், தாலுகாவுக்கு வட்டம், பிர்காவுக்குக் குறுவட்டம் அல்லது உள்வட்டம் என்று தமிழ்ப் பெயர்கள் அரசு ஆவணங்களில் நிலைபெற்றுவிட்டன. 1956-இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து ஆட்சிச் சொற்களைத் தொகுத்து வெளியிட்டபோது இப்படிப்பட்ட பெயர்கள் அலுவலகங்களுக்குள் வேகமாகப் பரவின. ஆனால் பேச்சில் இன்றும் ‘தாலுகா ஆபீஸ் போயிட்டு வரேன்’ என்றுதான் பலர் சொல்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் வட்டம் என்பது தாலுகாவின் மொழிபெயர்ப்பு அல்ல. இரண்டு சொற்களும் நிலத்தை இரண்டு விதமாகப் பார்க்கின்றன.

தாலுகா அரபி வேரிலிருந்து வந்தது. அரபியில் ‘அலிக’ என்றால் தொங்கினான், ஒட்டிக்கொண்டான் என்று பொருள். தோலில் ஒட்டிக்கொண்டு விடாத அட்டைப்பூச்சிக்கு அரபியில் ‘அலக்’ என்று பெயர். அதே வேரில் பிறந்தது ‘தஅல்லுக்’. ஒன்றைச் சார்ந்திருத்தல், ஒட்டியிருத்தல், தொடர்பு என்று பொருள் சொல்லலாம். உருதுவிலும் இந்தியிலும் இன்றைக்கும் ‘தஅல்லுக்’ என்றால் உறவு, தொடர்பு என்றுதான் அர்த்தம். இந்தச் சொல் பாரசீகம் வழியாக முகலாயர்களின் கணக்குப் புத்தகங்களுக்குள் வந்து, ‘தஅல்லுகா’ என்று ஆகி, ஒருவரைச் சார்ந்த கிராமங்களின் தொகுதியைக் குறித்தது. அரபியில் தொண்டைக்குள்ளிருந்து வரும் ‘ஐன்’ என்ற எழுத்தை நம் ஊர் நாக்குகள் உச்சரிப்பதில்லை. அது விழுந்ததும் அதற்கு முன்னும் பின்னும் இருந்த இரண்டு அகரமும் சேர்ந்து நெடிலானது. தஅல்லுகா இப்படித்தான் தாலுகா ஆயிற்று. பழைய காகிதங்களில் தாலூகா, தாலுக்கா என்றெல்லாமும் எழுதியிருப்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது, இந்தச் சொல்லுக்குள் நிலம் என்ற பொருளே கிடையாது. எல்லை கிடையாது, பரப்பளவு கிடையாது. ‘இந்த ஊர்கள் யாரைச் சேர்ந்தவை’ என்பது மட்டுமே இருக்கிறது. சேர்ந்தவை என்றால், அந்த ஊர்களின் வரிக்கு யார் பொறுப்பு, யார் வசூலித்து மேலே கட்டுகிறார் என்று அர்த்தம். தாலுகா முதலில் ஒரு வரி உறவு. அந்த உறவு நாளடைவில் வரைபடத்தில் கோடாகியது.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ‘தாலுக்தார்’ என்ற பதவிப் பெயரை எடுத்துக்கொண்டால் இந்தியாவுக்குள்ளேயே மூன்று இடங்களில் மூன்று வேறு ஆட்களைக் குறிக்கும். அவத் பகுதியில், அதாவது லக்னோவைச் சுற்றிய நாட்டில், தாலுக்தார் என்றால் கோட்டையும் ஆள்படையும் வைத்திருந்த பெரிய நிலப்பிரபு. 1856-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவத்தைச் சேர்த்துக்கொண்டு இவர்களின் கிராமங்களில் கை வைத்தது. அடுத்த ஆண்டுக் கிளர்ச்சியில் இவர்களில் பலர் முன்னணியில் நின்றதற்கு அது ஒரு பெரிய காரணம். 1858-இல் கவர்னர் ஜெனரல் கானிங் பிரபு அவத் நிலங்கள் பறிமுதல் என்று அறிவித்து, பிறகு பணிந்து வந்தவர்களுக்கு சன்னத், அதாவது உரிமைப் பத்திரம், எழுதித் திரும்பக் கொடுத்தார். வங்காளத்துக்குப் போனால் தாலுக்தார் பெரும்பாலும் ஜமீன்தாருக்குக் கீழ்ப்பட்ட சிறிய உடைமைக்காரர். ஐதராபாத் நிஜாம் சமஸ்தானத்திலோ அவர் நிலப்பிரபுவே அல்ல, அரசாங்க அதிகாரி. முதலாம் சாலார் ஜங் திவானாக இருந்து 1860-களில் சமஸ்தானத்தை ஜில்லாக்களாகப் பிரித்தபோது ஜில்லாவின் தலைமை அதிகாரிக்கு ‘அவ்வல் தாலுக்தார்’, முதல் தாலுக்தார், என்று பெயர் வந்தது. நம் கணக்கில் அவர் கலெக்டர். பிரபு, சிறு உடைமைக்காரர், கலெக்டர் என்று மூவருக்கும் ஒரே பெயர் பொருந்தியது எப்படி? அந்தப் பெயர் நிலத்தின் அளவையோ பதவியின் உயரத்தையோ சொல்லவில்லை. ‘இந்த ஊர்கள் இவரைச் சார்ந்தவை’ என்று மட்டும் சொன்னது. அது மூவருக்குமே பொருந்தும்.

கடல் தாண்டியும் இந்தச் சொல் போயிருக்கிறது. மலாய் மொழியில் ‘தக்லுக்’ என்றால் அடிபணிதல். ‘ஜாஜாஹான் தக்லுக்’ என்றால் ஆட்சிக்கு உட்பட்ட நிலப்பகுதிகள். ஜொகூர் சுல்தானின் முழு விருதுப் பெயரில் அந்தத் தொடர் இன்றும் இருக்கிறது. மலேசியத் தமிழர்கள் அதைச் செய்தியில் கேட்டிருப்பார்கள். அதுவும் நம் பத்திரத்துத் தாலுகாவும் ஒரே வேர். அங்கே ‘சார்ந்திருத்தல்’ என்பது ‘அடங்கியிருத்தல்’ என்ற பக்கம் சாய்ந்துவிட்டது.

சரி, தமிழ்நாட்டுக்கு எப்படி வந்தது? தக்காண சுல்தான்கள், அவர்களுக்குப் பின் முகலாயர், பிறகு ஆற்காட்டு நவாபுகள் என்று பாரசீகக் கணக்கு எழுதும் மரபு தெற்கே இறங்கியது. 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டியரின் அலுவலக மொழியிலும் பாரசீகச் சொற்கள் மண்டிக் கிடந்தன. 1792-இல் பாரமகால், அதாவது இன்றைய சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் அங்கே நிலத்தை அளந்து, விவசாயியிடம் நேரடியாகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கு வழி போட்டார்கள். 1801-இல் ஆற்காட்டு நவாபின் நாடும் கம்பெனிக்குப் போயிற்று. வெள்ளைக்காரர்கள் மேலே கலெக்டர் என்று தங்கள் சொல்லை வைத்துக்கொண்டார்கள். கீழே நடந்த வேலைக்கு ஏற்கெனவே குமாஸ்தாக்களின் வாயில் இருந்த சொற்களையே வைத்துக்கொண்டார்கள். அதனால்தான் நம் வருவாய்த்துறை முழுக்க அரபியும் பாரசீகமும் ஓடுகிறது. தாசில் என்பது ‘தஹ்ஸீல்’, திரட்டுதல். தார் என்றால் உடையவர். தாசில்தார் என்றால் திரட்டும் பொறுப்பை உடையவர். வடக்கே உத்தரப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் பாகிஸ்தானின் பஞ்சாபிலும் நம் தாலுகாவுக்கே ‘தஹ்ஸீல்’ என்றுதான் பெயர். குஜராத், மகாராஷ்டிரம், கர்நாடகம், கேரளம், சிந்து ஆகிய இடங்களில் தாலுகா. ஆந்திரத்தில் 1985-இல் என்.டி. ராமராவ் அரசு தாலுகாக்களை உடைத்துச் சிறு சிறு மண்டலங்களாக்கியதால் அங்கே தாலுகாவே போய்விட்டது.

பசலி ஆண்டு தெரியும் அல்லவா? அடங்கல் என்ற கிராமப் பயிர்க் கணக்கிலும் வரி ரசீதிலும் ‘பசலி 1434’ என்று போட்டிருப்பார்கள். ‘ஃபஸ்ல்’ என்றால் அரபியில் பருவம். அறுவடைப் பருவத்தை ஒட்டிய வரி ஆண்டு அது. நம்மிடம் ஜூலை 1-இல் தொடங்குகிறது. பசலி எண்ணோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வந்துவிடும். 1434 என்றால் 2024 ஜூலையில் தொடங்கிய ஆண்டு. பழைய ஆவணம் படிப்பவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

ஜில்லாவின் கதை வேறு. அரபியில் ‘ளிலஉ’ என்றால் விலா எலும்பு. விலாவிலிருந்து பக்கம் என்ற பொருள் வந்தது. முக்கோணத்தின் பக்கம், சதுரத்தின் பக்கம் என்று வடிவியலில் சொல்லும்போதும் அரபியில் இதே சொல்தான். நாட்டின் ஒரு பக்கம், ஒரு புறம் என்ற கருத்தில் அது நிலப்பிரிவுக்குப் பெயரானது. பாரசீகர் வாயில் அந்த முதல் எழுத்து ‘ஸ’ போல அதிர்ந்து ஒலிக்கும். அதைத் தமிழில் ‘ஜ’ ஆக்கிக்கொண்டோம். பிர்கா இன்னும் எளிது. ‘ஃபிர்கா’ என்றால் பிரிவு. இந்திக்காரர்கள் வித்தியாசத்துக்குச் சொல்லும் ‘ஃபர்க்’ அதே வேர்தான். சமயத்தில் கிளை பிரிந்த குழுவையும் ஃபிர்கா என்பார்கள். தாலுகாவைப் பிரித்தால் கிடைப்பது பிர்கா. அதற்கு ஒரு வருவாய் ஆய்வாளர். கர்நாடகத்தில் இதே அடுக்குக்கு ஹோபளி என்று பெயர்.

இந்த அடுக்குகளுக்கு உயிர் இருப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஜமாபந்தி சமயத்தில் தாலுகா ஆபீசுக்குப் போக வேண்டும். ஜமா என்றால் மொத்த வரித்தொகை, பந்தி என்றால் கட்டுதல், முடித்தல். கணக்கை முடிக்கும் நாள். பெரும்பாலும் மே, ஜூன் மாதங்களில், பசலி முடிவதற்கு முன் நடக்கும். இன்ன நாள் இன்ன உள்வட்டம் என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். அந்தந்த நாளில் அந்த உள்வட்டத்துக் கிராம நிர்வாக அலுவலர்கள் தங்கள் பதிவேடுகளைக் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து மேசையில் வைப்பார்கள். ஆட்சியரோ அவர் அமர்த்திய அதிகாரியோ ஒவ்வொன்றாகப் புரட்டிக் கையெழுத்திடுவார். நில அளவைச் சங்கிலியையும் கொண்டுவந்து சரிபார்ப்பார்கள். வெளியே பந்தலில் பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை என்று மனுவோடு கூட்டம் உட்கார்ந்திருக்கும். சொல்லுக்குள் இருக்கும் அந்தப் பழைய உறவு, இந்த ஊர் இந்த அலுவலகத்தைச் சார்ந்தது என்பது, அன்றைக்குக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும்.

இனி மூன்றாவது கேள்வி. எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

தாலுகா வருவதற்கு முன் தமிழ் மண்ணில் நாடு, கூற்றம், கோட்டம், வளநாடு, மண்டலம், பற்று, சீமை என்று எத்தனையோ சொற்கள் இருந்தன. இவற்றில் மிகப் பழையதும் ஆழமானதும் நாடு. இன்று நாடு என்றால் இந்தியா, சிங்கப்பூர் என்று தோன்றும். அன்று நாடு என்பது சில பத்து ஊர்கள் சேர்ந்த ஒரு வேளாண் நிலம். ‘நாடா கொன்றோ காடா கொன்றோ’ என்று ஔவையார் புறநானூற்றில் பாடியபோது காட்டுக்கு எதிர்ச்சொல்லாகத்தான் நாட்டை வைத்தார். உழுது, நீர் பாய்ச்சி, குடியேறி வாழும் இடம் நாடு. சோழர் காலக் கல்வெட்டுகளை ஊர் ஊராக வரைபடத்தில் வைத்துப் பார்த்த ஆய்வாளர் எ. சுப்பராயலு, இந்த நாடுகள் அரசன் கோடு போட்டுப் பிரித்தவை அல்ல, ஆற்றையும் ஏரியையும் சார்ந்து வேளாண் குடிகள் திரண்ட இடங்கள் என்று காட்டினார். அதனால் ஒரு நாடு சிறியது, பக்கத்து நாடு பெரியது என்று அளவு ஒழுங்கில்லாமல்தான் இருக்கும். அந்த நாட்டுக்கு நாட்டார் என்ற அவை இருந்தது. வரியைத் திரட்டுவதிலும் தானங்களை ஏற்பாடு செய்வதிலும் ‘நாட்டோம்’ என்று கையெழுத்திடும் அளவுக்கு அவர்களுக்கு இடம் இருந்தது.

தாலுகாவுக்கும் நாட்டுக்கும் உள்ள தூரத்தை இங்கே பார்க்கலாம். தாலுகா மேலிருந்து வந்த சொல். யாருக்கு இந்த ஊர்கள் சேரும் என்று மேலே இருப்பவர் கேட்பது. நாடு கீழிருந்து முளைத்தது. இங்கே இருக்கும் நாம் யார் என்று ஊர்க்காரர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது. அரசுகள் போயும் பல இடங்களில் நாடு போகாமல் இருப்பதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கொல்லிமலைக்குப் போனால் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு, அரியூர்நாடு, குண்டூர்நாடு, சேலூர்நாடு என்று ஊராட்சிகளின் பெயரே நாடாக இருக்கிறது. நீலகிரியில் படகர்கள் இன்றும் தொதநாடு, மேற்குநாடு என்று சொல்கிறார்கள். மதுரை மாவட்டம் மேலூர்ப் பக்கம் வெள்ளலூர் நாடு இருக்கிறது. அரசாங்க வரைபடத்தில் அப்படி ஒரு வருவாய்ப் பிரிவு கிடையாது. திருவிழாவில் மட்டும் அது தவறாமல் எழுந்து நிற்கும்.

கூற்றம் என்பது கூறு, அதாவது பங்கு, பிரிவு. மிழலைக் கூற்றம், முத்தூற்றுக் கூற்றம் என்று பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் பெயர்களில் மிழலையும் முத்தூறும் புறநானூற்றிலேயே இருக்கின்றன. உத்தரமேரூரில் குடவோலை முறையைச் சொல்லும் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உலகப் புகழ் பெற்றவை. அவை 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. அங்கே ஊரின் முகவரி எப்படி எழுதப்பட்டிருக்கிறது தெரியுமா? காலியூர்க் கோட்டத்துத் ‘தன்கூற்று’ உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம். கோட்டத்துக்குள் இருந்தாலும் எந்த நாட்டிலும் அடங்காமல் தனக்குத் தானே ஒரு கூறாக நின்ற ஊர் அது. பிர்கா என்ற அரபிச் சொல்லும் கூற்றம் என்ற தமிழ்ச் சொல்லும் பொருளில் அப்படியே ஒன்று. திருவிதாங்கூரில் தாலுகாவுக்குக் கீழே இருந்த பிரிவுக்குப் ‘பகுதி’ என்று பெயர். அதுவும் பகுத்தது, கூறு போட்டதுதான். அங்கே தாலுகாவையே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ‘மண்டபத்தும் வாதுக்கல்’ என்று சொன்னார்கள், அதன் அதிகாரி காரியக்காரர். 1956-இல் நம்மோடு சேர்ந்த கன்னியாகுமரி மாவட்டத்தின் கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களின் பழங்காகிதங்களைப் படிப்பவர்களுக்கு இது உதவும்.

கோட்டம் தொண்டைமண்டலத்துக்கே உரியது. 24 கோட்டம், 79 நாடு என்பது மரபுக் கணக்கு. சென்னைக்காரர்கள் கவனிக்க: புழல் ஏரியின் பெயரில் புழற்கோட்டம் இருந்தது. கோடம்பாக்கத்தை ஒட்டிய புலியூரின் பெயரில் புலியூர்க் கோட்டம் இருந்தது, மயிலாப்பூரும் திருவல்லிக்கேணியும் அதில்தான். கோட்டம் என்றால் வளைவு. ‘சொற்கோட்டம் இல்லது செப்பம்’ என்று குறளில் வருவது அந்தப் பொருளில். சூழ்ந்து அடைத்த இடம், கோயில் என்ற பொருள்களும் உண்டு. இந்தச் சொல்லைத்தான் பிற்காலத்தில் எடுத்து வருவாய்க் கோட்டம் என்று பல வட்டங்கள் சேர்ந்த பிரிவுக்கு வைத்திருக்கிறார்கள். நல்ல தேர்வு. ஆனால் மின்வாரியமும் பொதுப்பணித்துறையும் வனத்துறையும் தங்கள் பிரிவுகளுக்கும் கோட்டம் என்றே பெயர் வைத்துக்கொண்டதால் எந்தக் கோட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

மேலிருந்து கோடு போடும் வேலையைத் தமிழ் அரசர்களும் செய்தார்கள். முதலாம் ராஜராஜன் பல நாடுகளைச் சேர்த்து வளநாடு என்று ஒரு புதிய அடுக்கை உண்டாக்கினான். எல்லை ஆறுகள். அரிசிலாற்றுக்கும் காவிரிக்கும் நடுவில் உய்யக்கொண்டார் வளநாடு. பெயர்கள் எல்லாம் அவனுடைய விருதுப் பெயர்கள்: அருமொழிதேவ வளநாடு, க்ஷத்திரியசிகாமணி வளநாடு, நித்தவினோத வளநாடு, பாண்டிகுலாசனி வளநாடு. தொண்டைமண்டலமும் ஜயங்கொண்ட சோழமண்டலம் ஆயிற்று. பிறகு வந்த அரசர்கள் அவற்றை மாற்றித் தங்கள் பெயர்களை வைத்தார்கள். 1980-களிலும் 90-களிலும் நாமும் இதைப் பார்த்தோம். ஈரோடு பெரியார் மாவட்டம், திண்டுக்கல் அண்ணா மாவட்டம், விருதுநகர் காமராஜர் மாவட்டம் என்று இருந்து, 1990-களின் பிற்பகுதியில் எல்லாம் தலைநகரின் பெயருக்கே திரும்பின. பெயர் அரசோடு வரும், போகும். அதற்குள் இருக்கும் ஊர்ப்பெயர் அநேகமாக அசையாது. கல்வெட்டை வைத்து இடம் கண்டுபிடிப்பவர்கள் ஊர்ப்பெயரை நம்புவதும் அதனால்தான்.

இப்போது பற்று. எனக்கு இந்தச் சொல்மீது தனி மதிப்பு உண்டு. விஜயநகர காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகளில் பற்று என்று ஒரு நிலப்பிரிவு வருகிறது. தமிழ்நாட்டில் அது வழக்கொழிந்துவிட்டது. இலங்கையில் ஒழியவில்லை. மட்டக்களப்பில் கோறளைப்பற்று, ஏறாவூர்ப்பற்று, மண்முனைப்பற்று, போரதீவுப்பற்று, அம்பாறையில் அக்கரைப்பற்று, முல்லைத்தீவில் கரைதுறைப்பற்று என்று இன்றைக்கும் பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயராகவே வாழ்கிறது. சிங்களத்திலும் ‘பத்துவ’ என்று உண்டு. பற்று என்றால் என்ன? பற்றிக்கொள்ளுதல், ஒட்டியிருத்தல், சார்பு. தாலுகாவின் பொருள் என்று மேலே என்ன சொன்னேனோ அதேதான். ஒன்றிலிருந்து மற்றொன்று வந்ததல்ல. அரபி கேள்விப்படாத தமிழ்க் கணக்கர்களும் தமிழ் கேள்விப்படாத பாரசீகக் கணக்கர்களும், ஊர்களை ஒருவரின் பொறுப்பில் சேர்த்து எழுத வேண்டி வந்தபோது, தனித்தனியாக ஒரே எண்ணத்துக்கு வந்திருக்கிறார்கள். தாலுகாவுக்குப் பொருள் மாறாத தமிழ்ச் சொல் வேண்டும் என்றால் அது வட்டம் அல்ல, பற்று. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் ஈழத்தார்.

இலங்கையை விட்டு நகர்வதற்கு முன் இன்னொன்று. தமிழ்நாட்டில் முன்பு ‘தாலுகா கச்சேரி’ என்பார்கள். கச்சேரி என்றால் அலுவலகம். இங்கே அந்தப் பொருள் மங்கிப் பாட்டுக் கச்சேரி மட்டும் மிஞ்சிவிட்டது. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கச்சேரிக்குப் போகிறேன் என்றால் மாவட்டச் செயலகத்துக்குப் போவதுதான்.

அப்படியானால் வட்டம் தவறான சொல்லா? இல்லவே இல்லை. நிலப்பிரிவை வட்டமாக நினைப்பது உலகம் முழுக்க இருக்கிறது. மண்டலம் என்ற வடசொல்லுக்கே வட்டம் என்றுதான் பொருள். ஜெர்மனியில் மாவட்டத்துக்குக் ‘கிரைஸ்’ என்று பெயர், அதற்கும் வட்டம் என்று பொருள். பிரெஞ்சுக்காரரின் ‘அரோந்திஸ்மான்’ வட்டமாக்குதல் என்ற வினையிலிருந்து வந்தது. ரஷ்ய மொழியின் ‘ஓக்ருக்’கிலும் வட்டம் இருக்கிறது. நடுவில் ஓர் ஊர், அதில் ஓர் அலுவலகம், சுற்றியுள்ளவர்கள் அங்கே வந்து போகிறார்கள் என்ற எண்ணம் இது. தாலுகா ‘யாரைச் சார்ந்தது’ என்று கேட்டது. வட்டம் ‘எதைச் சுற்றியது’ என்று கேட்கிறது. ஆளை எடுத்துவிட்டு இடத்தை நடுவில் வைத்தது ஒரு குடியரசுக்குப் பொருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அதோடு மாவட்டம், வட்டம், குறுவட்டம் என்று ஒரே சொல்லில் மூன்று அடுக்கையும் கட்டியது நல்ல சொல்லாக்கம். கேட்டவுடனேயே எது பெரியது எது சிறியது என்று குழந்தைக்கும் விளங்கும். ஜில்லா, தாலுகா, பிர்கா என்ற வரிசையில் அது கிடையாது.

அதே சமயம் தாலுகாவை அந்நியச் சொல் என்று பத்திரத்திலிருந்து சுரண்டி எடுக்க வேண்டும் என்பவர்களோடு நான் உடன்படமாட்டேன். இருநூறு ஆண்டுக்கு மேல் தமிழில் புழங்கிய சொல் அது. அதை வைத்து எழுதிய லட்சக்கணக்கான ஆவணங்களைப் படிக்கத் தெரியாமல் போனால் நஷ்டம் நமக்குத்தான்.

வட்டத்தை வட்டாரத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வட்டாரம் என்பது ஊராட்சி ஒன்றியத்தின் எல்லை, வட்டார வளர்ச்சி அலுவலருடையது. தமிழ்நாட்டில் 388 ஒன்றியங்கள் உள்ளன. அவற்றின் எல்லையும் வட்டத்தின் எல்லையும் பல இடங்களில் ஒத்துப் போகாது. பட்டாவுக்கு வட்டாட்சியர் அலுவலகம், ஊராட்சிச் சாலைக்கும் தெருவிளக்குக்கும் ஒன்றிய அலுவலகம். புதுச்சேரியில் இதற்கு மேல் ‘கொம்யூன்’ என்று பிரெஞ்சு ஆட்சி விட்டுச் சென்ற அடுக்கும் சேரும். அங்கே தாலுகாவும் உண்டு, கொம்யூன் பஞ்சாயத்தும் உண்டு.

கடைசியாக, கேட்டவரின் பத்திரத்துக்கு வருகிறேன். ‘தஞ்சாவூர் ஜில்லா, மாயூரம் தாலுகா’ என்றால் அந்த நிலம் இன்று தஞ்சாவூர் மாவட்டத்தில் இல்லை. மாயூரம் என்ற மாயவரம் மயிலாடுதுறை என்று பெயர் மாறியது. 1991-இல் நாகப்பட்டினம் மாவட்டம் பிரிந்தபோது அதற்குள் போனது. 2020-இல் மயிலாடுதுறையே தனி மாவட்டம் ஆனது. இடையில் தாலுகாவின் எல்லையும் சுருங்கியது. ஆகவே தாலுகா பெயரை மட்டும் வைத்து இன்றைய வட்டத்தைத் தீர்மானிக்க வேண்டாம். வருவாய்க் கிராமத்தின் பெயரைப் பிடியுங்கள். அதை வைத்து இன்றைய வட்டத்தையும் உள்வட்டத்தையும் கண்டுபிடித்து, சர்வே எண்வாரியாக நிலங்களைக் குறித்திருக்கும் அந்தக் கிராமத்தின் ‘அ’ பதிவேட்டில் பழைய சர்வே எண்ணையும் இப்போதைய எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பத்திரத்தின் தலைப்பில் பதிவு மாவட்டம், சார்பதிவகம் என்று இன்னொரு ஜோடிப் பெயர் இருக்கும். அது பதிவுத்துறையின் தனிப் பிரிவு, வருவாய் மாவட்டத்தோடு பொருந்த வேண்டிய கட்டாயம் இல்லை. வில்லங்கச் சான்று எடுக்கும்போது தேவைப்படுவது அந்தப் பெயர்தான், தாலுகா பெயர் அல்ல.